தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால்

சுகாதார நிலையத்துப் பிக்கப் வண்டியை நான் எட்டு வருஷம் ஓட்டினேன். முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் தார்ப்பாய்க் கூரை போட்ட பாடி. அம்மை குத்துகிறவர்கள், ஆபரேஷன் முகாமுக்கு வருகிற பெண்கள், மருந்துப் பெட்டி, பிளீச்சிங் பவுடர் மூட்டை, எப்போதாவது ஒரு பிணம், எல்லாமே அதில்தான் போகும். பாப்பாரப்பட்டியைச் சுற்றியிருந்த ஊர்களுக்கு எங்களிடம் இருந்தது அந்த ஒரு வண்டிதான். நான் சொல்லப்போவது எழுபத்து மூன்றிலோ நாலிலோ நடந்தது. சித்திரை மாதம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்த மாதம் ஒருநாள் பிரேக் பெடல் மெத்துமெத்தென்று ஆகிவிட்டது. மிதித்தால் கால் இறங்கிக்கொண்டே போகும், எதிலும் போய் முட்டாது. நனைந்த பஞ்சுப் பொதியை மிதிக்கிற மாதிரி இருக்கும். இன்னொரு மிதி மிதித்தால் பாதியில் நிற்கும். மூன்றாவது மிதிக்குக் கெட்டியாகிவிடும். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சர்க்கார் வேலைக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் லாரியில் இருந்தவன் நான். குழாய்க்குள் எண்ணெய் மட்டும் இருந்தால் பெடல் கல் மாதிரி நிற்கும். எண்ணெயோடு காற்று சேர்ந்துவிட்டால், மிதிக்கிற பலமெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. காற்று உள்ளே போயிருக்கிறது என்றால் எண்ணெய் எங்கேயோ ஒழுகியிருக்கிறது.

அன்றைக்கே பிரேக் எண்ணெய் நிற்கிற மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பி மூடிவிட்டேன். சக்கரங்களைப் பார்க்கவில்லை. மறுநாள் காலரா ஊசி முகாம். வண்டியைக் கழற்றிப் போட்டால் அரை நாள் நின்றுவிடும். மூன்று மிதி மிதித்தால் பிடிக்கிறது, நம் பக்கமெல்லாம் சமதரை ரோடு, முகாம் முடியட்டும் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானத்தோடு முகாம் முடிந்தது. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. அதற்குச் சொல்ல என்னிடம் காரணம் ஒன்றுமில்லை. வெயில் கடுமையாக இருந்தது. வண்டியைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டுத் தூங்கினேன்.

அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்கு எங்கள் நர்ஸ் வந்து ஜன்னலில் தட்டினார். அவர் தர்மபுரியில் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் சிஸ்டர். அதிகம் பேசமாட்டார்.

"வண்டிய எடுங்க. கொழந்த குறுக்க கெடக்குது. கை மட்டும் வெளிய வந்துட்டுது. இங்க ஒண்ணும் பண்ண முடியாது."

மாட்டு வண்டியில் வந்திருந்த அந்தப் பெண்ணைப் பாயோடு தூக்கி, பின்னால் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தோம். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். கூட வந்தது புருஷன் மட்டும்தான். கிணறு வெட்டுகிற கூலியாள். ஒல்லியான உடம்பு, தோள்பட்டை மட்டும் அகலம். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பொம்பளை யாரும் வரலையா என்று சிஸ்டர் கேட்டபோது, "யாரும் இல்லீங்க" என்றார்.

தர்மபுரியில் டாக்டரம்மா வண்டிக்கே வந்து, ஏறி உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஆபரேஷன் செய்ய வேண்டும், நிறைய ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். வழியில் எங்கேயும் நிற்காதீர்கள் என்று என்னைப் பார்த்துத் தனியாகச் சொன்னார்.

சேலம் ரோட்டில் முடிந்தமட்டும் வேகமாகவே போனேன். நல்லம்பள்ளியில் ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போயிற்று. மறுபடி மிதித்தேன், அப்போதும் தரை. நாலாவது மிதிக்கு வண்டி தயங்கித் தயங்கி நின்றபோது கடைசி ஆடு பம்பரில் உரசிக்கொண்டு போனது. மேய்ப்பவர் என்னவோ திட்டினார்.

அங்கிருந்து சில மைலில் தொப்பூர் கணவாய் தொடங்குகிறது. சேலத்துக்குப் போகிறவர்களுக்கு அது முழுக்க இறக்கம். லாரியில் இருந்த காலத்தில் அந்த இறக்கத்தில் கடலைக்காய் மூட்டையோடு ஒரு லாரி உருண்டுவிட்டது. அடியில் கிடந்தவர்களை இழுத்துப் போட்டதில் நானும் ஒருவன். ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்த அந்த டிரைவரின் வலது கால் பெடலை அழுத்தியபடியே இருந்தது. பிக்கப்பை மெதுவாக உருட்டி, இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் ஓரமாக நிறுத்தினேன்.

சிஸ்டர் இறங்கி முன்னால் வந்தார்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"பிரேக் இல்லீங்க சிஸ்டர். கணவாய்ல எறங்க முடியாது."

"இவ்ளோ தூரம் வந்துச்சே."

"வந்துச்சு. இனிமே எறக்கம்."

"மொதல் கியர்ல போட்டு மெதுவா வுடுங்க. கையில இழுக்கற பிரேக் இருக்குதில்ல?"

"அத நம்பி எறக்குனா நாலு பேரும் போயிடுவோம்."

அவர் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எவ்ளோ நேரம் ஆவும்?"

"அரை மணி" என்றேன். அது ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

வேறு வண்டி பார்க்காமல் இல்லை. கை காட்டியதில் இரண்டு லாரி நிற்காமல் போனது. மூன்றாவது நின்றது. புளி மூட்டை ஏற்றிய லாரி. மூட்டைகளுக்கு மேலேதான் படுக்கவைக்க வேண்டும், ஆள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டும். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "ரத்தம் போயிட்டே இருக்குது. தூக்கி மேல ஏத்துனா அங்கயே போயிடுவா" என்றார். லாரி டிரைவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த லாரியிலேயே ஏற்றியிருந்தால் என்று நான் யோசித்திருக்கிறேன். சிஸ்டரும் யோசித்திருப்பார்.

வண்டிக்கு அடியில் புகுந்தேன். தார் ரோட்டு ஓரத்து மண் முதுகைச் சுட்டது. ஒவ்வொரு சக்கரமாக உள்பக்கம் தடவிப் பார்த்தேன். மூன்றில் காய்ந்த புழுதி. பின்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் புழுதி களிம்பு மாதிரி ஈரமாக ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன், பிரேக் எண்ணெய். சக்கரத்துக்குள் இருக்கிற சிறிய சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. இரண்டு நாளைக்கு முன்னால் இதே மாதிரி குனிந்து தடவியிருந்தால் இதே ஈரம் கையில் பட்டிருக்கும்.

மாற்ற என்னிடம் ரப்பர் இல்லை. லாரிக்காரர்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. ஒழுகுகிற சக்கரத்துக்குப் போகிற குழாயைக் கழற்றி, அதன் வாயில் பால்ரஸ் என்கிற இரும்பு பேரிங் குண்டு ஒன்றை வைத்து மறுபடி முடுக்கிவிட்டால், அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போகாது. மீதி மூன்று சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். ஊர் போய்ச் சேர அது போதும். என் சாமான் பையில் பழைய பேரிங் குண்டுகள் சில கிடந்தன. சரியான அளவைத் தேடிப் போட்டு அடைத்தேன். அதுவரை கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

மிச்சம் இருந்தது காற்றை வெளியேற்றுகிற வேலை. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன நிப்பிளை ஸ்பேனரால் திறக்க வேண்டும். நுரையும் எண்ணெயுமாகப் பீச்சி அடிக்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். மூடுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் வெளிக்காற்றை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து.

சிஸ்டர் பின்னாலிருந்து நகர முடியாது. புருஷனைக் கூப்பிட்டேன். அவர் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்காரத் தயங்கினார். உட்காரவைத்து, எது பெடல் என்று காட்டினேன்.

"நான் அழுத்துங்கன்னா அழுத்தணும். புடிங்கன்னா அப்பிடியே புடிச்சுக்கணும். வுடுங்கன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. புரியுதுங்களா?"

"புரியுதுங்க."

செருப்பில்லாத கால். பாளம் பாளமாக வெடித்த குதிகாலில் கிணற்று மண் ஏறி வெள்ளையாக இருந்தது.

அடியில் போய்ப் படுத்தேன். அழுத்துங்க என்றேன். அழுத்தினார். புடிங்க என்றேன். பிடித்தார். நிப்பிளைத் திறந்தேன். சர்ரென்று நுரை வந்தது. அப்போது பின்னாலிருந்து அந்தப் பெண் கத்தினாள். முன்சீட்டுக்கும் பின்பாடிக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அவர் எழுந்து திரும்பி அதில் பார்த்திருக்க வேண்டும். பெடல் மேலே போயிற்று. வெளியே வந்துகொண்டிருந்த எண்ணெய் உஸ்ஸென்று உள்ளே திரும்பியது.

"வுடச் சொல்லலீங்களே" என்றேன்.

"இல்லீங்க, அவ கூப்புட்டா."

மறுபடி தொடங்கினோம். மறுபடியும் வலி வந்தது, மறுபடியும் கால் எழும்பியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எண்ணெய் மண்ணுக்குப் போனது. ஊற்ற என்னிடம் இருந்தது அரை டின். அது தீர்ந்துவிட்டால் பிறகு வண்டி அங்கேயேதான். மாஸ்டர் சிலிண்டரின் மூடி டிரைவர் காலடியில், தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கும். அதைத் திறந்து எண்ணெய் ஊற்றுவதற்காக ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து எழுந்து வந்து அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் குனிந்தேன். நாலாவது தடவை குனிந்தபோது டின்னில் கால் பங்குதான் மிச்சம் இருந்தது.

ஐந்தாவது தடவையும் எடுத்துவிட்டார். நான் அடியில் படுத்துக்கொண்டே கத்தினேன்.

"யோவ், காலை எடுக்காதேன்னு எத்தனவாட்டி சொல்றது? பொண்டாட்டி பொழைக்கணுமா வேண்டாமா?"

நான் முகத்தில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "அழுத்து" என்றேன்.

அதற்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. அழுத்து என்றால் அழுத்தினார், பிடி என்றால் பிடித்தார். விடு என்கிற வரைக்கும் கால் அசையவில்லை. பின்சக்கரத்தில் நுரை குறைந்து, குமிழ் குமிழாக வந்து, பிறகு சுத்தமான எண்ணெய் கம்பி மாதிரி வந்தது. முன்னால் இடது சக்கரம், அப்புறம் வலது சக்கரம். திட்டியதற்குப் பலன் இருக்கிறது என்று நினைத்தேன். மனதில் ஒரு திருப்திகூட வந்தது. கடைசி நிப்பிளை முடுக்குகிறபோதுதான், ரொம்ப நேரமாகப் பின்னாலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. புருஷனுக்கு அது முன்பே உறைத்திருக்கிறது. வெளியே வந்து பார்த்தபோது, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, பெடலை மிதித்தபடி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை எடுக்க நான் சொல்ல வேண்டியிருந்தது.

பின்னால் போனேன். வைக்கோலின் நிறம் மாறியிருந்தது. சிஸ்டர் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாடி இருக்குது. எடுங்க."

பெடலை ஒரு மிதி மிதித்தேன். பாதிக்கு மேலேயே கெட்டியாக நின்றது. இறக்கத்தில் மூன்று சக்கரமும் நன்றாகப் பிடித்தது, வண்டி மட்டும் லேசாக வலது பக்கம் இழுத்தது. நடுவில் ஒரு வளைவில் பழுதாகி நின்ற லாரி ஒன்று பாதி ரோட்டை அடைத்திருந்தது, எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. ஒரே மிதியில் நிறுத்தினேன். முதல் கியரில் மெதுவாக விட்டிருந்தாலும் அந்த இடத்தில் எங்கள் கதை முடிந்திருக்கும். இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டதுண்டு. ஒரு தடவைகூட அது போதுமானதாக இருந்ததில்லை.

சேலத்தில் ஸ்டிரெச்சரில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். உயிர் இருந்தது. ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டது. குழந்தை அதற்கும் முன்னாலேயே இறந்திருந்தது. சிஸ்டர் வெளியே வந்து புருஷனிடம் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டு, சுவரோரம் குந்தி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப எடுத்துட்டுப் போலாங்க?" என்று கேட்டார்.

எங்கள் வண்டியில் பிணம் ஏற்ற மேலதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. வைக்கோலை மாற்றினேன். சிஸ்டர் பின்னால் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்துகொண்டார். புருஷனை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓமலூர் தாண்டினோம். கணவாய் ஏற ஆரம்பித்த பிறகு பேசினார்.

"டைவருங்க."

"சொல்லுங்க."

"நான் மொதல்ல இருந்தே காலை எடுக்காம புடிச்சிருந்தா, எவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிருக்குங்க?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைப் போட்டது தப்பு. "ஒரு அரை மணி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, "அதனால ஒண்ணும் இல்லீங்க. உங்க மேல தப்பு இல்ல" என்றேன்.

அவர் தலையாட்டினார். தன் காலைப் பார்த்துக்கொண்டார். இரண்டு நாளாக அந்தப் பெடல் அப்படித்தான் இருந்தது, நான்தான் பார்க்காமல் விட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒரு வளைவு வந்தது, கியர் மாற்றினேன். பிறகு இன்னொரு வளைவு வந்தது. அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆட்கள் வந்து இறக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் தர்மபுரியில் ரப்பர் வாங்கி வந்து மாட்டினேன். சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"முந்தாநாள் முகாமுக்குப் போறப்ப நீங்க மூணு மூணு தடவ மிதிச்சத பாத்தேன். என்னான்னு கேக்கணும்னு நெனச்சேன். கேக்கல" என்றார்.

நான் பிரேக் டிரம்மைத் தொடர்ந்து கழுவினேன். அவர் உள்ளே போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அடுத்த வருஷம் அவர் மாற்றலாகிப் போனார்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்தப் புருஷனைத் தேடிப் போனேன். அதற்குள் அவர் திக்குவாய் மாதிரி ஆகிவிட்டார், வேலையில் நடுவில் நின்றுவிடுகிறார் என்று யாரோ சொன்னதைக் கேட்டிருந்தேன். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிணறு ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நான் வந்திருப்பதாக மேலே இருந்தவர்கள் குரல் கொடுத்தார்கள். கயிற்றைப் பிடித்து ஏறி வந்தார். உடம்பெல்லாம் சேறு. என்னை உடனே தெரிந்துகொண்டார்.

தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். பெடல் எப்போது மெத்தென்று ஆனது, நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கியதையும் சொன்னேன்.

"ரெண்டு நாளாவா?" என்றார். வார்த்தை சிரமப்பட்டுத்தான் வந்தது.

"ரெண்டு நாளா."

"அன்னிக்கு வண்டியில கேட்டனே."

"கேட்டீங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

"இப்ப எதுக்குங்க வந்து சொல்றீங்க?" என்றார்.

எனக்குப் பாரம் குறையும் என்று வந்தேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? மேலே இருந்தவர்கள் கூப்பிட்டார்கள். அவர் போய்க் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினார்.

அதற்கப்புறம் பாப்பாரப்பட்டிச் சந்தையில் இரண்டு மூன்று முறை அவரைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்தப் பெண் குழந்தை கூட இருந்தது, ஐந்தாறு வயது ஆகியிருந்தது, கையில் முறுக்கு வைத்திருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வழியில் போகிற யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, குழந்தையை நான் நின்ற பக்கத்திலிருந்து மறுபக்கத்துக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.